பரிவட்டத்தில் தொலைந்த பாட்டுப்பெட்டி

இன்டர்நெட் லைன் பார்க்கிறவனுக்கு ஊரில் எல்லார் வீட்டு பீரோவுக்குப் பின்னாலும் என்ன கிடக்கிறது என்று தெரியும். அவன் பெயர்தான் ஒரு வீட்டிலும் தெரியாது. கதவைத் திறந்ததும் "நெட்டுக்காரன் வந்திருக்கான்" என்று உள்ளே பார்த்து ஒரு சத்தம். அவ்வளவுதான் நமக்கு வரவேற்பு. சங்கரன்கோவிலில் இந்த வேலைக்கு வந்த புதிதில் எனக்கு இதில் கோபம் வரும். இப்போது வருவதில்லை என்று சொன்னால் பொய். வருகிறது, வெளியே காட்டுவதில்லை.

உங்களுக்கும் இந்த அவஸ்தை தெரியாமலா இருக்கும்? நீங்கள் லைன் போட்டுக் கொடுக்கிறவராக இருக்கலாம்; "இதோ வாரேன்னு சொன்னவன எங்க காணோம்" என்று வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவராக இருக்கலாம். மோடத்தில் சிவப்பு லைட்டைப் பார்த்து வயிறு எரிந்ததில் நாமெல்லாம் ஒரே கட்சி. அதனால் கூச்சப்படாமல் சொல்கிறேன்.

எலிக்குப் பயந்து

வாசுதேவநல்லூர்ப் பக்கம் விவசாயம் பார்க்கிற ஒரு சம்சாரி வீடு. புது லைன் கொடுத்துவிட்டு வந்த மறுநாளே, "ஒண்ணுமே வரல" என்று போன். மழைத் தூறலில் பைக்கை விரட்டிக்கொண்டு போனேன். வெளியே கம்பத்தில் லைன் நன்றாக இருக்கிறது. வீட்டுக்குள் நாலு சுவரையும் பார்க்கிறேன், மோடத்தைக் காணவில்லை. வயர் மட்டும் சுவரிலிருந்து இறங்கி, அரிசி போட்டுவைக்கிற பெரிய சில்வர் தூக்குவாளிக்குள் போகிறது. மூடியைத் திறந்தால் உள்ளே மோடம், ஒரு பழைய துண்டைச் சுற்றிக்கொண்டு பச்சை லைட்டை எரியவிட்டபடி இருக்கிறது!

எலி பெட்டியைக் கடித்துவிடும் என்று பத்திரம் செய்திருக்கிறார். சில்வர் வாளிக்குள் வைத்து மூடினால் சிக்னல் எப்படி வெளியே வரும் என்று மூச்சுப் பிடித்து விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். தலையையும் ஆட்டினார். பிறகு மூடியைக் கையில் வாங்கி, மறுபடியும் வாளியை மூடிவிட்டுச் சொன்னார்:

"பெட்டி பத்திரமா இருக்குல்லா தம்பி? நெட்டுதான வரல, அத நீங்க பாருங்க."

தபசு டியூட்டி

எங்கள் ஊர்க் கோவிலில் ஆடித்தபசுத் திருவிழா என்றால் கால் வைக்க இடம் இருக்காது. சுற்றுப்பட்டி ஜனமெல்லாம் பஸ்ஸிலும் பைக்கிலும் வந்து இறங்கும். ஆபீசில் எல்லாருக்கும் லீவு வேண்டும். என்னோடு கம்பம் ஏறுகிற பேச்சிமுத்துவுக்கு மச்சினன் வீட்டார் வருகிறார்கள். இன்னொருவனுக்குப் பிள்ளைக்கு மொட்டை. கடைசியில் எல்லார் கண்ணும் என் பக்கம் திரும்பும். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. நாற்பது தாண்டியாயிற்று, இனி ஆகும் என்று நானும் சொல்வதில்லை, ஊராரும் கேட்பதை விட்டுவிட்டார்கள். அம்மா போனபிறகு வீட்டில் நான் மட்டும்தான். அக்கா தூத்துக்குடியில். பொங்கலுக்கு ஒரு போன் வரும்.

இந்த வருஷமும் கூட்டத்துக்கு நடுவில் கம்பத்தடியில் நின்றேன். ராட்டினம், பீப்பி, பொரிகடலை, அத்தனை சத்தம். சத்தத்துக்கு நடுவில் நிற்கும்போதுதான் நமக்கு ஒருத்தருமில்லை என்பது நன்றாக உறைக்கும். உங்களுக்கு அப்படித் தோன்றியதில்லை என்றால் நீங்கள் கொடுத்துவைத்தவர். பேச்சிமுத்து குடும்பத்தோடு போகிறபோது என்னைப் பார்த்துவிட்டு, பிள்ளையைத் தோளில் வைத்தபடியே சிரித்தான்:

"ஒனக்கென்னலே ஆறுமுகம், வீட்டுல போயி யாருகூட சண்ட போடப்போற? இங்கனயே நில்லு."

முதல் மரியாதை

தபசு முடிந்த மறுநாள் காலையில் ஆபீஸ் திறக்குமுன்பே ஒருவர் வாசலில் நின்றார். சலவை வேட்டி, நெற்றி நிறையத் திருநீறு, கையில் குடை. பெயர் சங்கரலிங்கம். தாலுகா ஆபீசில் ஹெட் கிளார்க்காக இருந்து ரிட்டயர் ஆனவர். கரிவலம்வந்தநல்லூரில் கொஞ்சம் வயல், இங்கே கோவிலுக்குப் பின்னால் சொந்த வீடு. மனைவி இறந்து வெகுகாலம் ஆகிவிட்டது, தனியாக இருக்கிறார். "இன்னைக்கே லைன் வேணும்" என்றார். பழைய லைனில் என்ன கோளாறு என்று கேட்டேன். ஒரு கோளாறும் இல்லையாம். அதை நடத்துகிறவர் இவருடைய பங்காளியாம். அதுதான் கோளாறாம்.

இவர்கள் வகையறாவுக்குத் தபசுத் திருவிழாவில் ஒரு நாள் மண்டகப்படி உண்டு. அன்றைக்குச் செலவு இவர்களுடையது. சாமி முன்னால் தலையில் பரிவட்டத் துணி கட்டி, மாலை போட்டு, முதல் மரியாதை செய்வதும் இவர்களுக்குத்தான். வழக்கமாக மூத்தவர் என்று சங்கரலிங்கம் அண்ணாச்சிக்குத்தான் முதலில் கட்டுவார்கள். இந்த வருஷம் பங்காளிக்குக் கட்டிவிட்டார்கள். அண்ணாச்சி கோவிலிலிருந்து நேரே வீட்டுக்கு வந்து, கத்தரியை எடுத்து, பங்காளி போட்ட கேபிளை ஒரே வெட்டு. இதற்காகவா இன்டர்நெட்டை மாற்றுவார்கள் என்று கேட்காதீர்கள். பரிவட்டத்துக்காகச் சம்பந்தத்தையே முறித்தவர்கள் இருக்கிற ஊர் இது. வயரெல்லாம் எம்மாத்திரம்!

அன்றைக்கே போய் லைன் கொடுத்தேன். பழைய மோடத்தைக் கழற்றியபோது, அதன் பக்கத்தில் டிபன்பாக்ஸ் அளவில் ஒரு கறுப்புப் பெட்டி கண்ணைச் சிமிட்டிக்கொண்டிருந்தது. இதுவும் பங்காளியின் சாமான்தான் போல என்று நினைத்து அதன் வயரையும் உருவினேன். அடுப்படியில் ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்த மனுஷன் கரண்டியோடு ஓடிவந்தார்:

"ஏ வே! அந்தப் பெட்டியத் தொட்டீருன்னா கைய ஒடிச்சுப்போடுவேன். அது எம் மக வச்சது."

பாட்டைக் காணோம்

ஒன்றிரண்டு நாளில் கம்ப்ளைண்ட் வந்துவிட்டது. நெட் வருகிறது, டிவி ஓடுகிறது, பாட்டைக் காணோம். போய்ப் பார்த்தேன். அந்தக் கறுப்புப் பெட்டி ஒரு சின்னக் கம்ப்யூட்டர். வீட்டிலிருக்கிற பாட்டையெல்லாம் அதில் ஏற்றிவைத்துவிட்டால் போனிலோ டேப்லெட்டிலோ கேட்டுக்கொள்ளலாம். அண்ணாச்சியின் மகள் கோமதி இன்ஜினியரிங் படிக்கும்போது செய்துவைத்தது. தன் அம்மா ரேடியோவிலிருந்து கேசட்டில் பிடித்துவைத்த பாட்டுகளை எல்லாம் உட்கார்ந்து ஒவ்வொன்றாக ஏற்றியிருக்கிறாள்.

எனக்கு வயர் தெரியும், கம்பம் தெரியும். இந்த மாதிரிப் பெட்டியை அதற்குமுன் கண்ணால் கண்டதில்லை. பேச்சிமுத்துவுக்கு போன் போட்டால், "அணைச்சிட்டுப் போடு" என்றான். அவனுக்கு எல்லா வியாதிக்கும் அதுதான் மருந்து. வீடியோவெல்லாம் பார்த்து மண்டையைக் குடைந்த பிறகு பிடிபட்டது. வீட்டுக்குள் ஒவ்வொரு சாமானுக்கும் மோடம் ஒரு நம்பர் கொடுக்கும். இந்தப் பெட்டிக்குப் பழைய மோடம் வரிசையில் ஒரு நம்பரை நிரந்தரமாக எழுதிவைத்திருக்கிறாள் அந்தப் பெண். எங்கள் மோடத்தின் வரிசையே வேறு. தெருவுக்குப் பெயர் மாறியது தெரியாமல் பெட்டி பழைய விலாசத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. பழைய மோடத்தின் அடியில் அந்த வரிசை அச்சடித்திருந்தது. அதைப் பார்த்து எங்கள் மோடத்தின் வரிசையை மாற்றினேன்.

பாட்டு வந்துவிட்டது! ஏதோ பழைய பாட்டு, கரகரவென்று. நடுவில் குக்கர் விசில் அடிக்கிறது. அது அடங்கியதும் ஒரு பொம்பளைக் குரல், "கோமு, அடுப்ப அணைட்டீ" என்கிறது. பாட்டு மறுபடியும் ஓடுகிறது. கேசட்டில் பிடிக்கும்போது வீட்டுச் சத்தத்தோடு கோமதியின் அம்மா குரலும் சேர்ந்து ஏறியிருக்கிறது. எங்கள் அம்மா குரல் என்னிடம் எதிலுமே இல்லை. அண்ணாச்சியைத் திரும்பிப் பார்த்தால், அவர் பாட்டைக் காதில் வாங்கவே இல்லை. டேப்லெட்டை மூக்குக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எதையோ தேடுகிறார். "பாட்டு வந்துட்டே அண்ணாச்சி" என்றேன். கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்தார்:

"பாட்ட யாரு வே கேட்டா?"

பச்சைப் புள்ளி

எனக்கு வந்ததே எரிச்சல்! அரை நாள் குனிந்து கிடந்து பாட வைத்தவனிடம் பேசுகிற பேச்சா இது? பையை எடுத்துத் தோளில் போட்டேன். "இரும் வே, காப்பி குடிச்சிட்டுப் போவலாம்" என்றார். கடுங்காப்பி. தனக்கும் ஒரு டம்ளர் ஊற்றிக்கொண்டு எதிரே உட்கார்ந்தார். இந்தத் தொழிலில் காப்பி கொடுக்கிறவர்கள் உண்டு. கூட உட்கார்ந்து குடிக்கிறவர்களை எண்ணிவிடலாம். எரிச்சல் பாதி அதிலேயே இறங்கிவிட்டது.

டேப்லெட்டை என் பக்கம் திருப்பிக் காட்டினார். அதில் ஒரு பக்கத்தில் இரண்டு பெயர்கள்: அப்பா, கோமு. யார் அந்த நேரம் பாட்டுக் கேட்கிறார்களோ அவர்கள் பெயருக்கு முன்னால் ஒரு பச்சைப் புள்ளி எரியும், என்ன பாட்டு என்றும் காட்டும். கோமு இப்போது ஓசூரில். கூட வேலை பார்த்த பையனைக் கட்டிக்கொண்டாள். வேறு சாதி. "இந்த வாசப்படிய மிதிக்காத" என்று இவர் சொன்னார். அவள் மிதிக்கவில்லை. போன் கிடையாது, நல்லது கெட்டது கிடையாது. ஆனால் அவளும் தன் போனிலிருந்து இந்தப் பெட்டியை எடுக்கவில்லை, இவரும் இங்கே அணைக்கவில்லை. அங்கே அவள் பாட்டுக் கேட்டால் இங்கே புள்ளி எரியும். "எனக்குப் பாட்டுன்னா என்னன்னே தெரியாது வே. ஆனா தெனமும் சாயங்காலம் விளக்கேத்துன கையோட ஏதாவது ஒண்ணப் போட்டுவிட்ருவேன். எம் பேருக்கு முன்னால புள்ளி எரியும்லா? அப்பன் உசுரோட இருக்கான்னு அவளுக்குத் தெரியணும்லா?"

அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, ஞாயிற்றுக்கிழமை ரேடியோவில் வந்த பிள்ளைகள் நிகழ்ச்சியை அம்மா கேசட்டில் பிடித்துவைத்திருந்தாள். கொஞ்ச நாளாகக் கோமு அதையே திரும்பத் திரும்பப் போட்டிருக்கிறாள். விடியற்காலையில், மத்தியானத்தில், நேரங்கெட்ட நேரத்தில். "அத வளந்த ஆளு யாராவது கேப்பாங்களா? சொல்லும்" என்று கேட்டார். பேரப்பிள்ளை பிறந்த சேதி இவருக்கு வந்துசேர்ந்த வழி அது. இனிப்பு வாங்கி யாருக்கும் கொடுக்க முடியாது, யார் சொன்னது என்று கேட்டால் என்ன சொல்வது? தனியாகவே சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறார். வயரை வெட்டிய அன்றோடு அந்தப் புள்ளி போயிற்று. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்:

"பெட்டி அவளுக்கு எடுக்காதுல்லா? ஒண்ணு, நான் செத்துட்டேன்னு நெனைப்பா. அப்படி நெனைச்சிருந்தா இதுக்குள்ள ஆளவிட்டுக் கேட்டிருப்பா. கேக்கலையே. அப்ப நாந்தான் புடுங்கிப் போட்டேன்னு நெனைச்சிருக்கா வே."

வேறொரு வழி

விஷயம் இதுதான். பங்காளியின் கேபிளில் இந்த வீட்டுக்கென்று வெளியுலகத்துக்கும் தெரிகிற மாதிரி ஒரு தனி நம்பர் இருந்தது. ஓசூரிலிருந்து அந்த நம்பரைப் பிடித்துத்தான் கோமு வீட்டுக்குள் வந்துபோனாள். எங்கள் கம்பெனியில் ஏகப்பட்ட வீட்டுக்குச் சேர்த்து ஒரே நம்பர். வெளியிலிருந்து தேடி வருகிறவருக்கு எந்த வீடு என்று தெரியாது. "ஒரு போனப் போட்டு, லைன் மாத்திட்டேன் தாயின்னு சொன்னா முடிஞ்சிதே அண்ணாச்சி" என்றேன். "ஏன் மாத்துனீங்கன்னு கேப்பாளே. பரிவட்டத்துக்காகன்னு சொல்லவா? அந்த வீம்பு பொறுக்காமத்தான வே அவ போனா" என்றார். நியாயம்தான்.

"அப்ப பழைய கேபிளுக்கே போயிருங்க. அந்த நம்பர் திரும்பி வந்தா புள்ளியும் தானா எரியும்" என்றேன். எங்கள் கம்பெனிக்காரர்கள் கேட்டால் என்னைச் சும்மா விடமாட்டார்கள், உங்களோடு இருக்கட்டும். அண்ணாச்சி எழுந்து சட்டையை மாட்டினார், குடையை எடுத்தார், "வாரும்" என்றார். எந்த மனுஷன் தலையில் பரிவட்டம் ஏறியது பொறுக்காமல் வயரை வெட்டினாரோ, அந்தப் பங்காளியின் கேபிள் கடை வாசலில் போய் நின்றார். உள்ளே வரச்சொல்லியும் போகவில்லை, வெயிலிலேயே நின்று பழைய நம்பரைக் கேட்டார். அவர் குரல் அவ்வளவு தணிந்து அன்றுதான் கேட்டேன். பங்காளி நல்ல மனுஷன், நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடிவந்தார். ஆனால் என்ன செய்ய?

"அண்ணே, அந்த நம்பர ஜவுளிக்கட கேமராவுக்குக் குடுத்துட்டேனே! வெட்டுமுன்ன ஒரு வார்த்த சொல்லியிருந்தா எடுத்து வச்சிருப்பேம்லா?"

காப்பி ருசி

திரும்பி நடந்து வந்ததும் அவர் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். எனக்கு அங்கே இனி வேலை இல்லை. பாட்டு வருகிறது, கம்ப்ளைண்டை முடித்துவிடலாம். முடிக்கவில்லை. எங்கள் கம்பெனியிலும் தனி நம்பர் கேட்டால் தருவார்கள், கடைக்காரர்களுக்கென்று வைத்திருப்பது. ஒற்றை ஆள் இருக்கிற வீட்டுக்கு எதற்கு என்று மேலிடத்தில் கேட்டார்கள். விவசாயி, ரிட்டயர்டு, வயசானவர் என்று என்னென்னவோ சொன்னேன். ஒன்றும் எடுபடவில்லை. திருநெல்வேலி ஆபீசுக்கு போன் மேல் போன். மேலநீலிதநல்லூரில் கம்பத்தில் தொங்கிக்கொண்டிருக்கும்போதுகூட ஒரு கையில் போன்.

பேச்சிமுத்து கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். அவன் கேலி செய்தால் எனக்கு வழக்கமாகச் சிரிப்பு வரும். அன்றைக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. அவன் சொன்னதில் பாதி உண்மை என்பதால்தான் அவ்வளவு கோபம். அந்த வீட்டில் பேச்சுக்கு ஓர் ஆள் இருந்தார். நம்பர் கிடைத்து, புள்ளி எரிந்துவிட்டால் நான் அங்கே போக ஒரு காரணமும் இருக்காது என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்தேதான் அலைந்தேன். பேச்சிமுத்து கேட்டது இதுதான்:

"ஒரு கம்ப்ளைண்டுக்கு இம்புட்டு நடையாலே? அந்த வீட்டுக் காப்பில என்னத்தப் போட்டுக் குடுத்தாரு?"

மகள் குரல்

தனி நம்பர் கிடைத்தது. மோடத்தில் வெளியிலிருந்து பெட்டிக்கு வழியும் திறந்துவிட்டேன். ஆனால் அந்தப் புது நம்பரை ஓசூரில் கோமு தன் போனில் அடித்தால்தான் புள்ளி எரியும். அதை யாராவது அவளிடம் சொல்லியாகவேண்டும். "நீரு பேசும்" என்றார் அண்ணாச்சி. "கம்பெனிக்காரரு பேசுத மாதிரிப் பேசும். நான் இங்கன இல்லன்னு சொல்லும்." அவர் சொன்ன போன் நம்பருக்கு என் போனிலிருந்து ஸ்பீக்கரில் போட்டேன். மணி அடிக்க அடிக்க அவர் போய்ச் சுவரோரமாக நின்றுகொண்டார்.

"சங்கரன்கோவில்ல இருந்து பேசுதேம்மா" என்று நான் சொல்லி முடிக்குமுன்னால், "அப்பாவுக்கு என்ன?" என்றாள். அப்பா நன்றாக இருக்கிறார், லைன் மாறியதில் பெட்டி நம்பர் மாறிவிட்டது, புது நம்பரைச் சொல்லத்தான் கூப்பிட்டேன் என்றேன். அவள் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. "அப்பா புடுங்கிப் போட்டுட்டாங்கன்னுல்லா நெனைச்சேன்" என்றாள். பின்னால் ஒரு பிள்ளை சிணுங்கியது. சின்னச் சிணுங்கல்தான். அண்ணாச்சி சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டார். கண்ணிலிருந்து தாரைதாரையாக வருகிறது, துடைக்கக்கூட இல்லை. "நல்லாத்தான ஓடிச்சு, ஏன் லைன மாத்துனாங்க?" என்று அவள் கேட்டாள். எனக்குப் பொய் சொல்லத் தெரியாது. "தபசுல பரிவட்டத்த..." என்று வாயில் வந்துவிட்டது. அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு வெடித்தது. "இன்னுமா அந்தத் துணிய விடல?" என்று சிரித்தவள், சிரிக்கும்போதே அழ ஆரம்பித்தாள்.

நான் நம்பரைச் சொல்லப்போனேன். "நீங்க சொல்லாதீங்கண்ணே. அவங்க அங்கனதான் இருக்காங்க, மூக்க உறிஞ்சுதது கேக்கு. அவங்களயே சொல்லச் சொல்லுங்க" என்றாள். நம்பர் எழுதியிருந்த தாளை நீட்டினேன். வாங்கினார். தொண்டையைச் செருமிக்கொண்டு, தாலுகா ஆபீசில் சர்வே நம்பர் வாசிக்கிற குரலில் ஆரம்பித்தார்: ஒண்ணு. சைபர். மூணு. புள்ளி. ஒவ்வொன்றையும் அவள் அங்கே திருப்பிச் சொன்னாள். வேறு ஒரு பேச்சும் இல்லை. இத்தனை வருஷம் கழித்து அப்பனும் மகளும் பேசிய முதல் பேச்சு அந்த நம்பர்தான். கடைசி எண்ணையும் சொல்லிவிட்டு அவர் தாளை மடியில் வைத்துக்கொண்டார். டேப்லெட் என் கையில் இருந்தது. பார்த்தேன். கோமு என்ற பெயருக்கு முன்னால் பச்சைப் புள்ளி எரிகிறது, ஞாயிற்றுக்கிழமைப் பிள்ளைகள் நிகழ்ச்சி ஓடத் தொடங்கிவிட்டது. "கிடைச்சிட்டு" என்று கத்த நான் வாயைத் திறக்கவும், போனில் அவள் சொன்னாள்:

"யப்பா, ஏதோ ஒரு எண்ணு தப்பா அடிச்சிட்டேன் போல. மொதல்ல இருந்து மெதுவாச் சொல்லுங்க."

சத்தங்காட்டாமல் என் போனை அவர் பக்கத்திலேயே வைத்துவிட்டு வாசலில் வந்து உட்கார்ந்தேன். ஓசூர் வரைக்கும் ஆளைச் சேர்த்துவைக்கிற இந்த நெட்டுக்காரனுக்கு அன்றைக்குக் கூப்பிட்டுப் பேச ஓர் ஆள் இருந்திருந்தாலும், கையில் போன் இல்லை.